லஸ்கர் வைரக்கண்ணு ஊர் தேடிய கதை

எந்த ஊருக்குப் போனாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் வைரக்கண்ணு ஒரு டீக்கடையாகப் பார்த்து நிற்பார். டீ சொல்ல மாட்டார். கடைக்காரர் பக்கம் குனிந்து, "இந்த ஊருக்குச் சுடுகாடு எந்தப் பக்கங்க?" என்று கேட்பார். கடைக்காரர் முகம் மாறிப்போகும். "எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க? யாரு தவறிட்டாங்க?" என்பார். "யாரும் இல்லங்க, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கை காட்டிய பக்கம் நடந்து போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவார். வந்த பிறகுதான் டீ.

மகள் சுடர்விழி இதை முதன்முதலில் கவனித்தபோது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஆபீசர் மதிவாணன் சாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, அப்பாவைக் காணோம். சாம்பார் போய் ரசம் வந்து, பாயசத்துக்கு ஆள் வரும் நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார். அம்மாவின் காதோரம் சாய்ந்து, "நல்ல வழி பொன்னு. கடைசி வரைக்கும் தார் போட்டிருக்கான்" என்றார்.

"ஆயுசு கெட்டியாவணும்னு ஊரு உலகமே வர்ற கோயிலு இது. இங்க வந்தும் இந்த மனுசனுக்கு அந்த நெனப்புதான்" என்று பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கும்பகோணத்தில் கேட்டார், மன்னார்குடியில் கேட்டார், சித்தப்பா பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும் கேட்டார். சுடர்விழியைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று, காலேஜ் வாசல் டீக்கடையிலேயே கேட்டார். அவள் பத்தடி தள்ளிப் போய், யாரோ ஒருவர் யாரிடமோ எதையோ கேட்கிறார் என்பதுபோல எதிர்ச்சுவரில் இருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வைரக்கண்ணு புது ஆற்றின் கரையில் ஒரு ரெகுலேட்டரில் லஸ்கர். ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று திறந்துவிடுகிற ஆள். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். அந்தப் போன் ஒரு நாளும் ஆறு ஐந்துக்குப் போனதில்லை. சம்பா நாற்று நடும் காலத்தில் விவசாயிகள் வந்து, "லஸ்கரு, நம்ம வாய்க்காலுக்கு ரெண்டு சுத்து சேத்துத் தூக்கி விடக்கூடாதா?" என்று தோளைத் தொட்டுக் கேட்பார்கள். "தூக்கலாங்க. கடைமடையிலேருந்து ஆள் வந்தா உங்க வீட்டுக்கு வழி காட்டவா?" என்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஷட்டருக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். இருபத்திரண்டு வருஷம் அதில் இருந்தாகிவிட்டது. மே மாதக் கடைசியில் வைரக்கண்ணுவுக்கு ஓய்வு. அதற்குள் காலி செய்து புதிதாக வரும் லஸ்கரிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பொங்கல் முடிந்ததும் எந்த ஊரில் போய் இருப்பது என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்தது. சொந்த ஊர் என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த ஒரே தொகுப்பு வீட்டில் தம்பி குடும்பம் இருந்தது. வைரக்கண்ணுவும் அந்த ஊரைப் பற்றிப் பேசவில்லை.

பொன்னுத்தாய்க்குப் பேராவூரணி. தங்கச்சி அம்சம் அங்கேதான் வாக்கப்பட்டிருந்தாள். தென்னந்தோப்புக்கு நடுவே நல்ல காற்று, நல்ல தண்ணீர், பேச்சுக்குத் துணை. மூன்று பேரும் போய்ப் பார்த்தார்கள். அம்சம் இளநீர் வெட்டிக் கொடுத்து, கோழி அடித்துக் குழம்பு வைத்து, கையோடு ஒரு மனையையும் காட்டினாள். வைரக்கண்ணு மனையைப் பார்க்காமல் தோப்புக்குள் நடந்தார்.

"இந்தப் பக்கம்தானே அம்சம்?"

"அந்தப் பக்கம்தான் மாமா. இப்பவே என்ன அவசரம்? கொழம்பு ஆறுது."

"நடுவுல கேட்டு போட்டுப் பூட்டியிருக்கே. சாவி யாருகிட்ட?"

"தோப்புக்காரங்ககிட்டதான். கேட்டாக் குடுப்பாங்க. இதுவரைக்கும் செத்தவங்க யாரையும் இங்க திருப்பி அனுப்பல மாமா."

அம்சம் சொன்னதற்கு அவரே சிரித்துவிட்டார். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில், "கேட்டாத்தான் குடுப்பாங்க" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். பேராவூரணி அத்தோடு முடிந்தது. பொன்னுத்தாய் இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

சுடர்விழிக்குத் தஞ்சாவூர். அவர்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருஷமாகப் போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் நூலகம் இருக்கிறது, கூடப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்று வீட்டில் காரணம் சொன்னாள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. பெரிய ஊரில் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள் என்று அவள் நம்பியிருந்தாள்.

புரோக்கர் குணசேகரன் புது நகர் ஒன்றில் வீடு காட்டினார். வீட்டுக்காரம்மா விஜயலட்சுமி காபி கொடுத்தார். "அப்பா என்ன வேலைம்மா?" என்று கேட்டார். "பொதுப்பணித் துறையில இருக்காங்க" என்றாள் சுடர்விழி. லஸ்கர் என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. சொல்லி முடித்ததுமே அது அவளுக்கே உறுத்தியது. அப்பா அதைக் கவனித்தாரா என்று பார்த்தாள். அவர் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த ஊரு எது சார்?"

வைரக்கண்ணு ஊர் பேரைச் சொன்னார்.

"அங்க எங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே. எந்தத் தெரு?"

"காலனித் தெருங்க" என்றார், ஷட்டர் எத்தனை அடி என்று போனில் சொல்வதுபோல. பிறகு, "ஏங்கம்மா, இங்க சுடுகாட்டுக்கு எப்படிப் போவணும்?"

காபி டம்ளரை எடுத்துக்கொண்டிருந்த விஜயலட்சுமியின் கை அப்படியே நின்றது. குணசேகரன் பாய்ந்து வந்தார். "அண்ணே, குடி வர்றதுக்கு வீடு பாக்க வந்த எடத்துல என்னண்ணே இது! இப்பல்லாம் போன் பண்ணாப் போதும், வண்டி வாசலுக்கே வந்துடும்."

"வாசல்லேருந்து வண்டிக்கு யாரு தூக்கிவிடுவாங்க?"

"அதுக்கும் ஆள் வரும்ணே."

மறுநாள் குணசேகரன் போன் செய்தார். அந்த வீட்டை வேறு யாரோ முடித்துவிட்டார்களாம். அப்பா கேட்ட கேள்விதான் காரணமா, அப்பா சொன்ன பதிலா என்று சுடர்விழியால் தீர்மானிக்க முடியவில்லை. கோபம் மட்டும் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அடுப்படிக்குப் போனாள். பொன்னுத்தாய் கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு எடத்துலயும் இப்படியே கேட்டா யாரும்மா வீடு குடுப்பா? கண்ணு முன்னால ஒரத்தநாடு இருக்கு. இருபது நிமிசம் பஸ்ஸு. ஆஸ்பத்திரி, சந்தை, லைப்ரரி எல்லாம் இருக்கு. அந்தப் பேர எடுத்தாலே அப்பா வேணாம்ங்கிறாரு. ஒரு சட்ட எடுக்கக்கூடப் பட்டுக்கோட்டைக்குப் போறாரு."

அது உண்மைதான். பட்டுக்கோட்டை பஸ் ஒரத்தநாட்டில் நிற்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருப்பார். பஸ் ஊரைத் தாண்டியதும் விழித்துக்கொள்வார்.

பொன்னுத்தாய் மீனைக் கழுவி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஒரத்தநாட்டுல நாகநாதன் இருக்காரு. அதான்" என்றாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள்.

தொண்ணூற்றெட்டு, கார்த்திகை மாதம். பொன்னுத்தாய்க்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். விடாத மழையில் மாமனார் வீரையன் இறந்துபோனார். அவர்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை என்று ஒன்று கிடையாது. வாய்க்கால் கரைமேல்தான் தூக்கிப் போவார்கள். அந்த மழையில் கரை உடைந்து வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. மீதி இருந்தது வயல்தான். வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம். அதில் பாடையை இரண்டு பேர் இரண்டு பேராகத் தூக்கிப் போக முடியாது. வயலில் இறங்கித்தான் போக வேண்டும். பயிரோ தொண்டைக்கதிர்ப் பருவம். கதிர் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கும் நேரம், மிதித்தால் போயிற்று. வயலுக்குச் சொந்தக்காரரான அமிர்தலிங்கத்திடம் போய்க் கேட்டார்கள். தண்ணீர் வடியட்டும், நாளை பார்க்கலாம் என்றார். மறுநாளும் மழை. மறுநாளும் அதே பதில். பிணத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அந்த வயலைக் குத்தகைக்கு உழுதவர் நாகநாதன், குடியானத் தெருக்காரர். யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் அரிவாளோடு அவராகவே வந்தார். வயலில் இறங்கி, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை, பாடை போகிற அகலத்துக்குத் தான் நட்ட பயிரைத் தானே அறுத்தார். அறுத்த பயிரைச் சேற்றின்மேலேயே பரப்பினார், தூக்கி வருகிறவர்கள் கால் புதையாமல் இருக்க. "போங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"உங்கப்பாதான் கொள்ளிச்சட்டியோட முன்னால போனாரு. அந்தப் பயிர் மேலதான் நடந்தாரு" என்றாள் பொன்னுத்தாய். "அடுத்த வருசமே நாகநாதனுக்குக் குத்தகை போச்சு. ஊரை விட்டுட்டு ஒரத்தநாட்டுல மாட்டுத் தீவனக் கடை போட்டாரு. உங்கப்பா மொதல்ல, கருமாதி முடியட்டும், போய்ப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்னாரு. குத்தகை போச்சுன்னு காதுல விழுந்ததும், எந்த மூஞ்சிய வச்சிகிட்டுப் போறதுன்னாரு. அப்புறம் ஒவ்வொரு வருசமும், போன வருசமே போயிருக்கணும்னுதான் சொல்லுவாரு."

சுடர்விழி அன்று மத்தியானம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்கவில்லை. அத்தனை டீக்கடைகளிலும் அவள் அப்பாவிடம் கேட்டதெல்லாம், "சும்மா வாங்களேன்ப்பா" என்பது மட்டும்தான். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தேர்வுக்காக டெல்டாவின் பாசனப் பரப்பு எத்தனை லட்சம் ஏக்கர் என்று மனப்பாடம் செய்திருந்தாள். தன் தெருப் பிணம் எந்த வழியாகப் போகும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. படிப்பு தன்னை எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறது என்று யோசித்தாள். எழுந்து ஆற்றங்கரைக்குப் போனாள்.

ஆறு காய்ந்து கிடந்தது. வைரக்கண்ணு ஷட்டரின் திருகுத் தண்டுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரத்தநாட்டுல ஒரு வீடு விலைக்கு வருது. நாளைக்குப் போய்ப் பாப்போம்."

அவர் நிமிரவில்லை. "உங்கம்மா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க."

ஒரு முழம் தூரம் கிரீஸ் தடவினார். "அந்த ஊர்ல குடியிருந்தா தெனமும் அந்தக் கடையத் தாண்டித்தான் போவணும் பாப்பா."

"தாண்டிப் போவாதீங்க. உள்ள போயிடுங்க."

வைரக்கண்ணு மகளைப் பார்த்தார். பிறகு கிரீஸ் டப்பாவை மூடி, "காலையில ஏழே கால் பஸ்ஸு" என்றார்.

ஒரத்தநாட்டில் இறங்கி அவர் எந்த டீக்கடையிலும் நிற்கவில்லை. எதையும் கேட்கவில்லை. வீடு சின்னது, ஓட்டு வீடு. பின்னால் கிணறும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. வீட்டுக்காரர் இர்பான் மகனோடு சென்னைக்குப் போவதால் விற்கிறார். "எங்க வீட்டு முருங்கைக்காயை மட்டும் வருசத்துக்கு ஒரு தடவ அனுப்பி வைங்க, வேற நிபந்தனை ஒண்ணுமில்ல" என்றார். சுடர்விழிக்கு வீடு பிடித்தது. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்ததைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும், "வா பாப்பா" என்று முன்னால் நடந்தார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

தீவனக் கடையில் தவிட்டு மூட்டையும் பிண்ணாக்கு மூட்டையும் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. கல்லாவில் மருமகள் குந்தவை. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடியோடு எண்பது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். வைரக்கண்ணு கடைக்குள் ஏறாமல் வெயிலிலேயே நின்றார்.

"என்ன வேணும், தவிடா பிண்ணாக்கா?" என்றார் பெரியவர்.

"மாடு இல்லங்க."

"மாடு இல்லாதவனுக்கு இங்க என்ன வேல? டீக்கடை அடுத்ததுப்பா."

"நான் வைரக்கண்ணுங்க. வீரையன் மவன்."

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்ததால் குந்தவை "மாமா!" என்று அதட்டினாள். அவர் காதில் வாங்கவில்லை.

"லஸ்கரா? புதாத்துல ஷட்டரு தூக்குறவன் நீதானே? அங்கேருந்து இங்க வர இருபது நிமிசம். உனக்கு இருபத்தேழு வருசம் ஆயிருக்கு. மேட்டூர்த் தண்ணிகூட ஒன்னைவிட வெரசா வந்துடும்போல இருக்கே!"

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். "அப்பவே வந்திருக்கணும்ங்க."

"வந்து என்ன பண்ணியிருப்ப? அறுத்த பயிர ஒட்ட வச்சிருப்பியா? மொதல்ல நெழலுக்கு வா. அம்மா குந்தவை, நாற்காலி போடு. இது ஒம் பொண்ணா? என்னம்மா படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. மேத்ஸ் தாத்தா."

"அப்ப எங்க கல்லாவுல நீ உக்காரு. என் மருமவ மிச்சக் காசு குடுக்கறதுக்குள்ள மாடு கன்னு போட்டுடுது."

குந்தவை கையிலிருந்த பேனாவால் நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். வைரக்கண்ணு உட்கார்ந்தார், விளிம்பில். "எங்களாலதானங்க ஒங்களுக்குக் குத்தகை போச்சு" என்றார்.

நாகநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதனாலயும் இருக்கலாம். நான் அளந்த நெல்லுல பதர் ஜாஸ்தின்னு அமிர்தலிங்கத்துக்கு ரெண்டு வருசமாக் கோவம். அதனாலயும் இருக்கலாம். நானும் கேக்கல, அவரும் சொல்லல. அவரும் போய்ச் சேந்துட்டாரு. நடுவுல நீ பூந்து பழிய எடுத்துத் தோள்ல போட்டுக்காத."

"இருந்தாலும் நான் எதாவது செய்யணும்ங்க. நீங்க சொல்லுங்க."

"செய்யிறியா? அப்ப ஒண்ணு செய்யி. என் மவன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன் பிளேன் புடிச்சு வர்றதுக்குள்ள நான் ஐஸ் பொட்டியில வெறச்சிடுவேன். இப்பல்லாம் சக்கரம் வச்ச வண்டியில தள்ளிகிட்டுப் போயிடுறானுவ, பெட்டிக்கடையத் தள்ளுற மாதிரி. எனக்கு அது வேணாம். நான் தோள்லதான் போவணும். நாலு மூலையில ஒரு மூல ஒனக்கு."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா என்ன மாமா பேச்சு இது!" என்றாள் குந்தவை.

வைரக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஒங்க சனம் ஒத்துக்குமாங்க?"

"ஒத்துக்கலன்னா நான் எந்திரிச்சு உக்காந்துக்குவேன். அப்புறம் அவனுவளே வழிக்கு வருவானுவ." பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்ல ஒசரம். ஒனக்குச் சோடியா இன்னொரு ஒசரமான ஆளாப் பாத்து வச்சிக்க. இல்லாட்டி நான் ஒரு பக்கமாச் சரிஞ்சுகிட்டே போவணும்."

வைரக்கண்ணு சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை. சுடர்விழி இந்தத் தடவை தள்ளிப் போய் நிற்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்பது சரியா என்று தெரியாமலேயே கேட்டாள். "அப்பா, நம்ம தெருவுக்கு ஒரு பாதை இருந்திருக்கணும். அது நமக்குச் சேர வேண்டியது. அது இல்லாததால ஒருத்தர் பயிர அறுத்தாரு. அதுக்கு நாம ஏன் கடன்பட்டவங்களா நிக்கணும்?"

வைரக்கண்ணு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒரத்தநாட்டு எல்லையைத் தாண்டியிருந்தது. அவர் தூங்கவில்லை. "நீ சொல்றது சரிதான். பாதை ஏன் இல்லன்னு கேக்கணும். மனு குடுக்கணும், படியேறணும். அது படிச்ச ஒன்னோட வேல. நீ செய்யி. ஆனா அவரு தன் பயிர அறுத்தாரு பாரு. அதுக்குப் பதில் செய்யிறது என்னோட வேல."

அவள் அதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரம் நூலகத்துக்குப் போனபோது, தேர்வுப் புத்தகத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, பெறுநர், மாவட்ட ஆட்சியர் என்று எழுத ஆரம்பித்தாள்.

மே முப்பத்தொன்றாம் தேதி மாலை வைரக்கண்ணுவுக்குச் சந்தனமாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாளே குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றி ஒரத்தநாட்டில் இறக்கினார்கள். பொன்னுத்தாய் முதல் வாரமே எதிர்வீட்டில் சிநேகம் பிடித்தாள். அம்சம் இரண்டு மூட்டை தேங்காயோடு வந்து, "எங்க ஊரு கேட்டு மட்டும் ஒங்களுக்கு ஆவல" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

காலை ஆறு மணிக்குப் பார்க்கத் தண்ணீர் இல்லாததால் வைரக்கண்ணு அந்த நேரத்துக்குத் தீவனக் கடைக்குப் போக ஆரம்பித்தார். மூட்டைகளை நகர்த்திக் கொடுப்பார், பேப்பர் படித்துக் காட்டுவார். ஐப்பசியில் நாகநாதனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வைரக்கண்ணு வீட்டுக்கே வரவில்லை. ராக்கண் விழித்துக் கஞ்சி ஊட்டிவிட்டு, நான்காம் நாள் கையைப் பிடித்து நடக்கவைத்துக் கூட்டி வந்தார். "கடன அடைக்கிறதுக்கு வாய்ப்பு வந்துச்சு, மனுசன் விழுந்தடிச்சுக் கெடுத்துட்டு வர்றாரு" என்று பொன்னுத்தாய் மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த மாசியோடு நாகநாதனுக்கு எண்பத்திரண்டு. வைரக்கண்ணு உயரத்துக்குச் சரியாக ஒரு ஆளையும் பார்த்து வைத்திருக்கிறார், கால்நடைக் கல்லூரியில் வேலை பார்க்கிற அண்ணாதுரை. காலையில் கடை வாசலில் வைரக்கண்ணுவின் தலையைக் கண்டதும் பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டுகிறார்.

"இன்னிக்கு இல்லப்பா. நாளைக்கு வந்து பாரு."

"சரிங்க" என்று வைரக்கண்ணு பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொல்கிறார்.